பாதி ப்ரொஃபைலும் ஒரு சென்டர் லைனும்: பம்ப் பாகங்களை ரிவால்வ் செய்த அனுபவம்

கோயம்புத்தூரில் பம்ப் டிசைன் வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே, கணினியில் 3டி மாடல் வரையும் கேட் மென்பொருளின் ரிவால்வ் கட்டளையைப் பழகிவிடுகிறார்கள். பாதி வடிவத்தை வரை, அச்சைக் காட்டு, 360 டிகிரி சுழற்று, ஷாஃப்ட் வந்துவிடும். ஒரு மோனோபிளாக் பம்பைப் பிரித்து மேசைமேல் பரப்பினால், வால்யூட் கேசிங் (நத்தை ஓடு போன்ற வெளிக்கூடு), இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) பிளேடு, மோட்டார் பாடியின் கால்கள் போன்ற சிலவற்றைத் தவிர மீதி பெரும்பாலும் ஒரு அச்சைச் சுற்றிய வடிவம்தான். ஷாஃப்ட், ஸ்லீவ், வேர் ரிங், கிளாண்ட், பேரிங் கவர் என்று வரிசையாக வரும். அதனால் எங்கள் வேலையில் பெரும்பகுதி இந்த ஒரே கட்டளையில் கழிகிறது. பல வருடம் இதையே செய்ததில் எனக்கு ஒரு விஷயம் உறுதியாகப் பட்டிருக்கிறது. ரிவால்வ் நன்றாக அமைவதும் பிறகு இம்சை கொடுப்பதும் ஸ்கெட்சிலேயே முடிவாகிவிடுகிறது. அந்தப் பாகத்தை லேத்தில் கடைசல் பிடிக்கப் போகிறவர் எப்படிப் படிப்பாரோ, அப்படியே அந்தப் பாதி ப்ரொஃபைலை வரைய வேண்டும்.

முதலில் டயா, அதாவது விட்டம். பாதி மட்டும் வரைவதால் கை தானாக ரேடியஸைப் போட்டுவிடும். 50 மி.மீ. காலருக்கு 25 என்று அடித்தால் மாடல் சரியாகவே வரும், திரையில் ஒரு குறையும் தெரியாது. ஆனால் லேத்தில் நிற்பவருக்கு அந்த 25 உதவாது. எங்கள் மெஷின் ஷாப்பில் மூத்த டர்னர் ஒருவர், புதிதாகச் சேர்ந்த பையன் கொண்டுபோன ட்ராயிங்கை அமைதியாகத் திருப்பிக் கொடுத்தார். "தம்பி, டயா போட்டுக் கொடுங்க. நான் மைக்ரோமீட்டர் வெச்சுப் பாக்கறது டயாவைத்தானுங்க." பொருத்தமும் டயாவில்தான் இருக்கிறது. பேரிங் உட்காரும் இடத்துக்கு 25 கே6 என்று குறித்தால், அந்த இடம் 25.002 முதல் 25.015 மி.மீ. வரை இருக்கலாம் என்று பொருள். அதை ரேடியஸுக்கு மாற்றி, பாதியாக்கி, மறுபடி இரட்டிப்பாக்கி எழுதும் வழியில் எங்கேயாவது ஒரு மைக்ரான் தவறிவிடும்.

சாலிட்வொர்க்ஸில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. சென்டர் லைனை முதலில் வரைந்துகொள்ளுங்கள். ஸ்மார்ட் டைமன்ஷனில் ப்ரொஃபைலின் கோட்டையும் சென்டர் லைனையும் தொட்டு, கர்சரை அச்சைத் தாண்டி மறுபக்கம் கொண்டுபோனால், அளவு இரட்டிப்பாகி டயாவாக மாறிவிடும். சென்டர் லைனின் முனைப் புள்ளியைத் தொட்டால் இது நடக்காது, கோட்டையேதான் தொட வேண்டும். ஃப்ரீகேடில் நான் வேறு மாதிரி செய்கிறேன். எல்லா டயாக்களையும் அதன் ஸ்ப்ரெட்ஷீட்டில் எழுதிவிட்டு, ஸ்கெட்சின் ஒவ்வொரு அளவிலும் அந்தக் கட்டத்தை 2-ஆல் வகுக்கும் எக்ஸ்ப்ரஷனைக் கொடுத்துவிடுவேன். பிறகு டயாவை மாற்ற ஸ்கெட்சைத் திறக்கவே வேண்டியதில்லை. 2024 நவம்பரில் ஃப்ரீகேட் 1.0 வந்த பிறகு, வீட்டில் லைசென்ஸ் இல்லாமல் பழக விரும்பும் மாணவர்களிடம் தயங்காமல் அதைச் சொல்கிறேன். அளவை மாற்றும்போது பின்னால் இருக்கும் ஃபில்லட்டுகள் இடம் மாறிப்போகும் பழைய தொந்தரவு அதில் நன்றாகவே குறைந்திருக்கிறது.

நீள அளவுகளுக்கும் இதே பார்வைதான். ஒரு படியின் முடிவிலிருந்து அடுத்த படி, அங்கிருந்து அதற்கடுத்த படி என்று சங்கிலியாகப் போட்டால், ஒவ்வொன்றின் டாலரன்ஸும் சேர்ந்து கடைசிப் படியில் வந்து நிற்கும். ஷாஃப்ட்டில் பேரிங் முட்டி நிற்கும் ஷோல்டரை ஆதாரமாக எடுத்துக்கொண்டு, முக்கியமான நீளங்களை எல்லாம் அங்கிருந்தே அளக்க வேண்டும். அச்சு எப்போதும் ஒரிஜின் வழியாகப் போகட்டும். நான் ஸ்கெட்சின் கிடை அச்சையே சுழல் அச்சாக எடுத்துக்கொள்கிறேன். லேத்தில் ஜாப் படுத்துக்கொண்டுதான் சுற்றுகிறது, ட்ராயிங்கிலும் அப்படித்தான் வரப்போகிறது. பின்னால் ஃபிளாஞ்சில் பிசிடி ஓட்டைகள் (ஒரே வட்டத்தின் மேல் வரிசையாக அமைபவை) போடும்போதும் மையம் ஒரிஜினிலேயே தயாராக இருக்கும்.

அடுத்து, புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம். நடுவில் ஓட்டை இல்லாத ஷாஃப்ட் என்றால், ப்ரொஃபைல் அச்சின் மேலேயே ஒரு கோட்டால் மூடியிருக்க வேண்டும். சென்டர் லைன் அங்கே இருக்கிறதே என்று விட்டுவிட்டால் போதாது, அது ப்ரொஃபைலின் எல்லையாகக் கணக்கில் வராது. அதே இடத்தில் ஒரு நிஜக் கோடும் வேண்டும். சாலிட்வொர்க்ஸ் 'ஸ்கெட்ச் திறந்திருக்கிறது, மூடிவிடட்டுமா' என்று கேட்கும். ஆமாம் என்றால் வேலை முடிந்துவிடும்தான், ஆனாலும் நானே கோட்டைப் போட்டு மூடிவிடுவேன். எது எங்கே மூடியது என்று அடுத்து ஃபைலைத் திறக்கிறவருக்குத் தெரிய வேண்டும். ஃப்ரீகேடின் பார்ட் டிசைன் கேட்காது, பிழை காட்டி நின்றுவிடும்.

ப்ரொஃபைல் அச்சைத் தாண்டவும் கூடாது. தாண்டினால் சுழலும்போது தன்னையே வெட்டிக்கொள்ளும். அச்சை ஒரே ஒரு புள்ளியில் தொட்டு விலகினாலும் சிக்கல்தான். இரண்டு கூம்புகள் முனையோடு முனை ஒட்டிய வடிவத்தை நினைத்துப் பாருங்கள். அந்த முனையில் உலோகத்துக்குத் தடிமனே இல்லை. அப்படி ஒரு பொருளைச் செய்யவும் முடியாது, மென்பொருளும் தடிமன் பூஜ்யம் என்று மறுத்துவிடும். இந்தப் பிழை வந்தால் கட்டளையோடு சண்டை போடாமல், ஸ்கெட்சை நன்றாகப் பெரிதாக்கி அச்சருகே இருக்கும் முனைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் போதும். அநேகமாக ஏதோ ஒரு முனை அச்சோடு ஒட்டாமல் மயிரிழை விலகி நிற்கும்.

ஆட்டோகேடில் வரைந்து பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே தனித்தனிக் கோடுகளை அப்படியே தேர்ந்தெடுத்து ரிவால்வ் கொடுத்தால், கோட்டுக்கு ஒரு சர்ஃபேஸாக (தடிமனில்லாத வெறும் பரப்பாக) துண்டு துண்டாக வரும். பெடிட் கட்டளையில் ஜாயின் செய்து ஒரே பாலிலைனாக மூடிய பிறகு கொடுத்தால்தான் சாலிட் கிடைக்கும்.

ப்ரொஃபைலில் எதை எல்லாம் சேர்ப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. படிகள், டேப்பர், முக்கிய டயாக்கள் ஆகியவை மட்டும் ஸ்கெட்சில் இருக்கட்டும். சேம்ஃபர், ஃபில்லட், சர்க்லிப் க்ரூவ், ஓ-ரிங் க்ரூவ் எல்லாம் பிறகு தனித்தனியாக வர வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ஸ்கெட்சில் அடைத்தால் அந்தச் சமயத்தில் வேகமாகத்தான் இருக்கும். மூன்று மாதம் கழித்து சர்க்லிப் அளவு மாறும்போது, நாற்பது கோடுகளுக்கு நடுவே அந்த இரண்டு கோடுகளைத் தேட வேண்டியிருக்கும். தனி க்ரூவாக இருந்தால், மாடலின் படிகளை வரிசையாகக் காட்டும் ஃபீச்சர் மரத்தில் அதன் பெயரே காட்டிக்கொடுக்கும். தேவைப்படாத சைஸில் அதை மட்டும் அணைத்துவிடலாம்.

வி-பெல்ட் புல்லியில் இதன் அருமை நன்றாகத் தெரியும். பி செக்‌ஷன் புல்லி என்றால் க்ரூவின் பிட்ச் அகலம் 14 மி.மீ., ஒரு க்ரூவிலிருந்து அடுத்ததற்கு 19 மி.மீ. நான் முதலில் வெறும் உருளையை ரிவால்வ் செய்துவிட்டு, ஒரே ஒரு க்ரூவைச் சுழல் வெட்டாகப் போட்டு, அதை அச்சின் திசையில் 19 மி.மீ. இடைவெளியில் பேட்டர்ன் செய்வேன், அதாவது வரிசையாகப் பிரதியெடுப்பேன். இரண்டு க்ரூவ் புல்லியை நான்கு க்ரூவாக மாற்ற எண்ணையும் அகலத்தையும் மாற்றினால் போதும். கோணத்தில் மட்டும் கவனம் வேண்டும். பி செக்‌ஷனில் பிட்ச் டயா 190 மி.மீ. வரை 34 டிகிரி, அதற்கு மேல் 38 டிகிரி. சின்னப் புல்லியில் பெல்ட் அதிகம் வளைகிறது. வளையும்போது அதன் உள்பக்கம் பிதுங்கி, பக்கங்களுக்கு நடுவே உள்ள கோணம் குறைகிறது. அதற்கு ஈடாகத்தான் க்ரூவும் குறுகுகிறது. ஸ்கெட்சில் க்ரூவின் நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் சமச்சீர் கொடுத்து முழுக் கோணத்தைப் போடுங்கள். ஒரு பக்கத்துக்கு 17 என்று போட்டு வைத்தால், அடுத்தவர் அதை முழுக் கோணம் என்று நினைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

கேஸ்டிங்காக வரும் பாகங்களுக்கு நான் எப்போதும் இரண்டு கட்டமாகத்தான் போகிறேன். முதல் ரிவால்வ் வார்ப்பு நிலையில் உள்ள உருவம். மெஷினிங் அலவன்ஸ் (கடைசலுக்கு விடும் கூடுதல் உலோகம்), டிராஃப்ட் (அச்சிலிருந்து எளிதாக உருவ விடும் சாய்வு), கேஸ்டிங் ரேடியஸ் எல்லாம் அதில் உண்டு. அதன்மேல் லேத் எடுக்கப்போகும் உலோகத்தைச் சுழல் வெட்டுகளாக, அந்த வரிசையிலேயே போடுவேன். வெட்டுகளை அணைத்தால் பேட்டர்ன் (வார்ப்பு அச்சை உருவாக்கும் மாதிரி) செய்பவருக்கு வேண்டிய உருவம், திறந்தால் முடிந்த பாகம். ஒரே ஃபைலில் இரண்டும் கிடைக்கும். முடிந்த பாகத்தை முதலில் வரைந்துவிட்டு அலவன்ஸை மேலே ஒட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். நடக்கும்தான், ஆனால் ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனியாக உலோகம் சேர்க்க வேண்டியிருக்கும், ஒரு முகம் விட்டுப்போனாலும் தெரியாது. வெட்டுவதாக இருந்தால், வெட்டாத முகம் கரடாகவே நிற்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

சரி, சர்ஃபேஸ் எப்போது வேண்டும்? தடிமனைவிட வடிவமே முக்கியமாக இருக்கும் இடத்தில். பிரஷர் டேங்கின் மூடி ஒரு நல்ல உதாரணம். அதில் டோரிஸ்ஃபெரிகல் என்ற வகை பரவலாகப் புழங்குகிறது. பழக்கமான ஜெர்மன் முறையில் நடுக் கிண்ணத்தின் ரேடியஸ் டேங்கின் டயாவுக்குச் சமம், ஓரத்து வளைவின் ரேடியஸ் டயாவில் பத்தில் ஒரு பங்கு. 500 மி.மீ. டேங்க் என்றால் 500-உம் 50-உம். இந்த இரண்டு வில்களையும், கீழே ஒரு சின்ன நேர்கோட்டையும் திறந்த ப்ரொஃபைலாக வரைந்து, சர்ஃபேஸாக ரிவால்வ் செய்து, பிறகு தகட்டின் தடிமனைக் கொடுத்தால் மூடி தயார். வில்கள் சேரும் இடத்தில் டேன்ஜென்ட் கண்டிப்பாக வேண்டும். தடிமன் உள்ளே போகிறதா வெளியே போகிறதா என்பதையும் கவனியுங்கள். அளவு உள் டயாவில் கொடுக்கப்பட்டதா, வெளி டயாவில் கொடுக்கப்பட்டதா என்பதை வைத்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும்.

இதில் உன்னிப்பாகப் பார்க்க வேண்டிய இடம் மூடியின் உச்சி, அதாவது வளைவு அச்சைத் தொடும் புள்ளி. அங்கே வளைவு அச்சுக்குச் செங்குத்தாக வந்து முடிய வேண்டும். வில்லாக இருந்து அதன் மையம் அச்சின் மேலேயே இருந்தால் இது தானாக அமைந்துவிடும். ஸ்ப்லைனில், அதாவது புள்ளிகள் வழியே இழுக்கும் வளைகோட்டில், வரைந்தால் அமையாது. அரை டிகிரி சாய்வு இருந்தாலும் சுழன்ற பிறகு உச்சியில் மெல்லிய கூர் ஒன்று முளைக்கும். சாதாரணப் பார்வைக்குத் தெரியாது. ஆனால் தடிமன் கொடுக்கும்போதோ ஆஃப்செட் எடுக்கும்போதோ கட்டளை தோற்கும், அதற்கு மென்பொருள் சொல்லும் காரணமும் பிடிபடாது. ஸ்ப்லைனின் முனையில் இருக்கும் கைப்பிடியைப் பிடித்து, அதை அச்சுக்குச் செங்குத்து என்று கட்டிவிடுங்கள். பிறகு பரப்பின் வழவழப்பைக் காட்டும் ஸீப்ரா கோடுகளைப் போட்டு உச்சியைப் பாருங்கள். கோடுகள் முறியாமல் வழுக்கிக்கொண்டு கடந்து போனால் சரி.

இன்னொரு சின்ன விஷயம். ஃப்ரீகேடில் முழுச் சுற்று ரிவால்வ் செய்தால் பரப்பின் மேல் நீளவாக்கில் ஒரு கோடு தெரியும். விரிசலோ என்று புதியவர்கள் பயப்படுவார்கள். சுற்று தொடங்கி முடிகிற இடத்தின் தையல்தான் அது. க்ரியோவில் செய்த மாடலில் உருளை இரண்டு அரைப் பரப்புகளாக இருக்கும். அந்த ஃபைலைத் திறந்து ஒரு முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து எதையாவது செய்யும்போது மறுபாதியை மறந்துவிடக் கூடாது.

பேட்டர்னை 3டி பிரிண்டில் எடுப்பது பரவலாகிவிட்டதால், முக்கோணங்களைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. சுழற்றிய பரப்பு மாடலில் கச்சிதமான வட்டம்தான். பரப்பை முக்கோணங்களாகச் சேமிக்கும் எஸ்டிஎல் ஃபைலாக மாற்றும்போது அது பலகோணமாகிறது. எத்தனை பக்கம் என்பதைப் பொறுத்து, பக்கத்தின் நடுவில் வட்டத்திலிருந்து எவ்வளவு உள்ளே போகிறது என்று கணக்கிடலாம். 100 மி.மீ. டயாவில் 36 பக்கம் என்றால் 0.19 மி.மீ. உள்ளே போகும். 180 பக்கம் என்றால் 0.008 மி.மீ.க்கும் குறைவு. ஓப்பன்ஸ்கேடில் எதையும் மாற்றாமல் விட்டால் இந்த அளவுள்ள வட்டத்துக்கு 30 பக்கம்தான் வரும், விலகல் 0.27 மி.மீ. ஆட்டோகேடின் பழைய ரெவ்சர்ஃப் கட்டளையில் சர்ஃப்டேப்1 என்ற மதிப்பு முதலில் 6 ஆக இருக்கும். அப்படியே சுழற்றினால் அறுகோணம் வந்து, விலகல் 6.7 மி.மீ. ஆகிவிடும். அந்த மதிப்பைக் கட்டளைக்கு முன்னால் கூட்ட வேண்டும். வந்துவிட்ட மெஷ் பிறகு மாறாது. மெஷினிங் அலவன்ஸ் 3 மி.மீ. இருக்கும் கேஸ்டிங்கின் வெளிப்பக்கத்துக்கு 0.2 மி.மீ. ஒரு பொருட்டில்லை. கோர் (வார்ப்பின் உள்ளே வெற்றிடம் விட வைக்கும் மணல் உருவம்) உட்காரும் இடத்துக்கு அது பெரிதுதான். எல்லாவற்றுக்கும் மிக நுணுக்கமான எஸ்டிஎல் எடுத்து ஃபைலைக் கனமாக்குவதைவிட, எந்த முகம் எதனோடு பொருந்துகிறது என்று பார்த்து முடிவு செய்வது நல்லது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி, இம்பெல்லர். மூடிய இம்பெல்லரில் தண்ணீர் போகும் பாதை இரண்டு சுழற்பரப்புகளுக்கு நடுவே இருக்கிறது. ஒன்று பின் பக்கத்து ஹப், மற்றது முன் பக்கத்து ஷ்ரவுட். அச்சு வழியாக வெட்டிப் பார்த்தால் தெரியும் இந்த இரண்டு வளைவுகளை ஒரே ஸ்கெட்சில் வரைந்து, இரண்டையும் சர்ஃபேஸாக ரிவால்வ் செய்துவிடுவேன். பிளேடைத் தேவைக்கு மேல் நீளமாக எழுப்பி, இந்தப் பரப்புகளால் இரு பக்கமும் நறுக்குவேன். கோர் பாக்ஸுக்கும் அதே பரப்புகள்தான். வளைவு மாறினால் பிளேடு, ஷ்ரவுட், கோர் எல்லாம் சேர்ந்து மாறும். வளைவின் முனைகளை வெளி டயாவுக்கு அப்பாலும், தண்ணீர் நுழையும் வாயான கண் பக்கத்திலும் சில மி.மீ. நீட்டி வைத்தால் நறுக்கு சுத்தமாக விழும். சரியாக விளிம்பிலேயே நிறுத்தினால் மெல்லிய சீவல் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும்.

அந்த ஸ்கெட்சிலேயே பாதையின் பரப்பளவையும் பார்த்துவிடலாம். இரண்டு வளைவுகளையும் தொடும்படி உள்ளே ஒரு வட்டம் போடுங்கள். வட்டத்தின் விட்டம் அந்த இடத்தில் பாதையின் அகலம், அச்சிலிருந்து வட்டமையத்தின் தூரம் ஆரம். 2 பை பெருக்கல் ஆரம் பெருக்கல் அகலம், அதுதான் தண்ணீருக்குக் கிடைக்கும் பரப்பளவு, பிளேடின் தடிமனைக் கழிக்காமல். கண் 80 மி.மீ. டயா என்றால் பரப்பளவு 5027 சதுர மி.மீ. வெளி டயா 200, அகலம் 10 என்றால் 6283. நடுவில் 60 மி.மீ. ஆரத்தில் அகலம் 15 என்றால் 5655. இப்படிச் சீராக ஏறினால் பாதை ஒழுங்காக இருக்கிறது. நடுவில் ஒரு இடம் 7000-க்குப் போய்த் திரும்ப இறங்கினால், அங்கே தண்ணீர் வேகம் குறைந்து மறுபடி கூட வேண்டியிருக்கும். வளைவைத் திருத்த வேண்டும்.

இந்தக் கணக்கின் அடிப்படை அலெக்சாந்திரியாவில் கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாப்பஸின் பெயரால் வழங்கும் தேற்றம். ஒரு கோட்டைச் சுழற்றினால் கிடைக்கும் பரப்பளவு, கோட்டின் நீளத்தை அதன் மையம் சுற்றும் தூரத்தால் பெருக்குவதற்குச் சமம். ஒரு வடிவத்தைச் சுழற்றினால் கிடைக்கும் கன அளவு, வடிவத்தின் பரப்பளவை அதன் மையம் சுற்றும் தூரத்தால் பெருக்குவதற்குச் சமம். ரிவால்வ் செய்கிற ஒவ்வொருவரும் இந்த இரண்டையும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். மென்பொருள் தரும் எடையைச் சரிபார்க்க இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது.

பைப் எல்போவை எடுத்துக்கொள்ளுங்கள். ப்ரொஃபைலுக்கு வெளியே அச்சை வைத்து, 90 டிகிரி மட்டும் சுழற்றும் ரிவால்வ் அது. 4 அங்குல லாங் ரேடியஸ் எல்போவில் வெளி டயா 114.3, ஷெட்யூல் 40 என்றால் தடிமன் 6.02, வளைவின் ஆரம் 152.4 மி.மீ. வளையத்தின் பரப்பளவு 2048 சதுர மி.மீ. மையம் கால் வட்டத்தில் போகும் தூரம் 239.4 மி.மீ. பெருக்கினால் சுமார் 4,90,000 கன மி.மீ. எஃகின் அடர்த்தியை வைத்தால் ஏறக்குறைய 3.85 கிலோ. திரையில் 0.49 கிலோ என்று காட்டினால் வடிவம் சரி, மெட்டீரியல் கொடுக்கவில்லை என்று உடனே புரியும். மெட்டீரியல் கொடுக்காத மாடலுக்கு சாலிட்வொர்க்ஸ் தண்ணீரின் அடர்த்தியைத்தான் எடுத்துக்கொள்ளும். இரண்டு மடங்கு காட்டினால் கோணம் 180 ஆக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 19 கிலோவுக்கு மேல் போனால் உள்வட்டம் விட்டுப்போய் எல்போ கெட்டியாக நிற்கிறது.

சுழலும் பாகங்களுக்கு நான் இதை ஒருபோதும் விடுவதில்லை. ஃபவுண்டரியில் கேஸ்டிங்குக்குக் கிலோ கணக்கில் விலை பேசுகிறார்கள். அதனால் டைட்டில் பிளாக்கில் எடையை எழுதும் முன் ப்ரொஃபைலின் பரப்பளவையும் மையத்தையும் ஸ்கெட்சிலிருந்து எடுத்துப் பெருக்கி, வார்ப்பிரும்புக்கு 7.2 என்ற அடர்த்தியைப் போட்டு, திரையில் இருப்பதோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் ட்ராயிங்கை வெளியே அனுப்புகிறேன்.